புதுமணத் தம்பதியை உளவுக்காரன் ஏன் கடத்துவான்?

கடலூர்க்காரர் ஒருவர் தன் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார். கல்யாணமாகிச் சில வாரமே ஆன ஜோடி, மாப்பிள்ளை மஞ்சக்குப்பம், பெண் புதுச்சேரி. தேனிலவுக்கு வெளிநாடு போன இடத்தில் இருவரும் கடத்தப்படுகிறார்கள், பின்னணியில் உளவு அமைப்புகள். அவர் கேட்டிருப்பது மூன்று விஷயம். சாதாரண ஜோடியை உளவுக்காரர்கள் ஏன் கடத்த வேண்டும், கதையை எந்த நாட்டில் வைத்தால் நம்பும்படி இருக்கும், இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா' ஆட்கள் போய் சுட்டு மீட்டுவருவதாக எழுதலாமா.

மூன்றாவதற்கு உடனே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. முதல் கேள்விதான் முக்கியம், அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நாடும் மீட்பும் தானாக வந்து சேரும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன், கல்யாணப் பதிவுக் காகிதங்கள்தான் அதிகம் கைக்கு வரும். உளவு வரலாறு படிப்பது பழைய பழக்கம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: உங்கள் கதையின் ரகசியம் எந்த அரசாங்கக் கோப்பிலும் இருக்க வேண்டியதில்லை, கல்யாணமாகி மூன்று வாரமான கணவனுக்கு மனைவியைப் பற்றித் தெரியாதது எவ்வளவோ இருக்கும் இல்லையா, அதையே ரகசியமாக வைத்துக் கதையைக் கட்டுங்கள்.

வழக்கமாக எழுதப்படும் காரணங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். பணத்துக்காக என்றால் அது உளவுக்கதை ஆகாது. பெண்ணின் அப்பா விஞ்ஞானி, அவரை மிரட்டத்தான் மகளைக் கடத்தினார்கள் என்றால் கதை அப்பாவுடையதாகிவிடும், ஜோடி வெறும் பணயப்பொருள். ஊரிலிருந்து யாரோ "அங்கே எங்க சொந்தக்காரர் இருக்கார், இந்த வடகத்தை மட்டும் கொடுத்துடுங்க" என்று கொடுத்த பொட்டலத்துக்குள் ஏதோ இருந்தது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நம் ஊரில் அப்படிப் பொட்டலம் கொடுக்காத வீடே இல்லை. ஆனால் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடலாமே. கடத்துபவனுக்கு இந்த இரண்டு பேரின் வாய்தான் வேண்டும் என்ற நிலை வந்தால்தான் நானூறு பக்கம் ஓடும்.

அதற்கு வரலாற்றிலேயே ஒரு வாசல் இருக்கிறது. 1985 ஜூலை 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். பெர்னாண்டோ பெரைரா என்ற புகைப்படக்காரர் இறந்துபோனார். மொருரோவா தீவில் நடந்த பிரெஞ்சு அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கப் புறப்படவிருந்த கப்பல் அது, குண்டு வைத்தது பிரான்சின் வெளிநாட்டு உளவு அமைப்பான டிஜிஎஸ்இ. அந்த வேலைக்காகப் போனவர்களில் இருவர் எந்த வேஷத்தில் போனார்கள் தெரியுமா? தேனிலவுக்கு வந்த சுவிஸ் தம்பதி. துரெஞ்ச் என்ற பெயரில் பொய்யான சுவிஸ் பாஸ்போர்ட், வாடகைக்கு எடுத்த வேன். படகுகளைக் காவல் காக்க இரவில் உட்கார்ந்திருந்தவர்கள் வேனைப் பார்த்துச் சந்தேகப்பட்டு எண்ணைக் குறித்து வைத்தார்கள், இரண்டு நாள் கழித்து வேனைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் 'தம்பதி' பிடிபட்டார்கள். உண்மையில் அவர்கள் அலேன் மஃபார், டொமினிக் பிரியர் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள். பத்து ஆண்டு தண்டனை, பிரான்சில் பாதுகாப்பு அமைச்சர் ராஜினாமா என்று அது பெரிய விவகாரமாக வெடித்தது.

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். உளவுக்காரர்கள் புதுமணத் தம்பதி வேஷம் போடுவார்கள் என்றால், உண்மையான புதுமணத் தம்பதியை உளவுக்காரர்கள் என்று ஒருவன் நினைப்பதும் நடக்கக்கூடியதுதான். ஆள் மாறிப்போவது இந்தத் தொழிலில் கற்பனையே இல்லை. 1973 ஜூலை 21 அன்று நார்வேயின் லில்லேஹாமர் ஊரில், கர்ப்பிணி மனைவியோடு வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த ஒரு மொராக்கோ நாட்டு ஹோட்டல் ஊழியரை இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாத் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். பாலஸ்தீன அமைப்பின் அலி ஹசன் சலாமே என்று நினைத்து இவரைக் கொன்றுவிட்டார்கள். 2003 டிசம்பர் 31 அன்று காலித் எல் மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை மாசிடோனிய எல்லையில் இறக்கினார்கள். அவர் பெயரைப் போலவே தேடப்பட்ட ஒருவரின் பெயரும் இருந்தது. ஸ்கோப்யேவில் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாள் பூட்டி வைத்து விசாரித்தார்கள், பிறகு சிஐஏ கையில் கொடுத்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். 2004 மே மாதம் அல்பேனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஹோட்டல் அறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த கிடங்கு, தொங்கும் மஞ்சள் பல்பு எல்லாம் வேண்டாம், ஏசி ஓடும் சுத்தமான ஹோட்டல் அறை ஒன்றில் திரைச்சீலையை மட்டும் திறக்கவிடாமல் வைத்திருந்தாலே போதும்.

இனி புதுச்சேரிக்கு வருவோம், உங்கள் கதைக்கு வேறு எந்த ஊரும் தர முடியாத ஒன்றை இந்த ஊர் தருகிறது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகச் சில ஆயிரம் பிரெஞ்சுக் குடிமக்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த 'சொல்தா' தாத்தா இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. உங்கள் பெண் அப்படி ஒரு வீட்டுப் பெண்ணாக இருக்கட்டும். கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட், கூடவே இந்தியாவில் வாழ ஓசிஐ அட்டை. மாப்பிள்ளை கடலூர், இந்திய பாஸ்போர்ட். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்வதில்லை, பிரான்சும் கல்யாணமான மறுநாளே குடியுரிமை தராது, குறைந்தது நான்கு வருஷம் போக வேண்டும். ஆக, ஒரே அறையில் தங்கும் இருவருக்கும் இரண்டு வெவ்வேறு அரசாங்கம்.

பிரெஞ்சுக் குடிமகள் இங்கே கல்யாணம் செய்தால் அதை பிரான்சின் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். மரீன் வீதியில் இருக்கும் துணைத் தூதரகத்தில் கல்யாணத்துக்கு முன்பே தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பம், அறிவிப்பு ஒட்டுவது, கல்யாணத்துக்குப் பின் பதிவேற்றத்துக்கு மறுபடி ஒரு கட்டுக் காகிதம் என்று பல மாதம் இழுக்கும். இது காகிதத்துக்காகச் செய்யும் பொய்க் கல்யாணமோ என்ற சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எப்படி அறிமுகம், யார் பேசி முடித்தார்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், மாமனார் என்ன வேலை பார்த்தார், மனைவிக்கு எத்தனை அண்ணன் தம்பி என்கிற மாதிரிக் கேள்விகள். இந்த நேர்காணலுக்குப் பயந்து பதில்களைப் பாடம் மாதிரி ஒப்பிக்கும் ஜோடியை உங்களால் எளிதாகக் கற்பனை செய்ய முடியும். உங்கள் ஜோடியும் அதைச் செய்யட்டும். ஒரு படி மேலே போய், தரகர் மூலம் வந்த சம்பந்தம் என்று சொன்னால் நம்பமாட்டார்களோ என்று பயந்து, ஒரு நண்பன் கல்யாணத்தில் பார்த்துப் பழகினோம் என்று சின்னதாக ஒரு பொய்யை இருவரும் சேர்ந்து ஜோடித்து வைத்திருக்கட்டும். உண்மையில் பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணம் என்று சொல்வதில் எந்தத் தடையும் இல்லை, ஆனாலும் பயம் மனிதரை அப்படிச் செய்ய வைக்கும்.

உளவுக்காரன் வேறு நாட்டுக்குப் போகும்போது அவனுக்கென்று ஒரு பொய் வரலாறு தயாரித்து, அதை ஒப்பிக்க வைத்து அனுப்புவார்கள். விசாரிப்பவன் அதைத்தான் தேடுவான். இருவரையும் பிரித்து உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்பான், இருவர் வாயிலும் ஒரே வாக்கியம், ஒரே வரிசையில் வந்தால் இது பாடம் படித்தது என்று முடிவு கட்டுவான். இப்போது பாருங்கள். உங்கள் மாப்பிள்ளை கண்கட்டு அவிழ்க்கப்பட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். "மனைவியை முதலில் எங்கே பார்த்தாய்?" மரீன் வீதிக்காகப் பாடம் செய்ததுதான் பயத்தில் தானாக வாயில் வருகிறது: நண்பன் கல்யாணம், வில்லியனூர், அவள் பச்சைப் புடவை. பக்கத்து அறையில் அவளும் அதையே சொல்கிறாள், வில்லியனூர், பச்சைப் புடவை. விசாரிப்பவன் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறான். அடுத்து அவர்கள் ஒப்பிக்காத கேள்விகள் வருகின்றன. "உன் மனைவி இந்த நாட்டுக்கு இதற்கு முன் வந்திருக்கிறாளா?" "இல்லை." அவளுடைய பாஸ்போர்ட்டைத் திறந்து மேஜையில் தள்ளுகிறான், நான்கு வருஷத்துக்கு முந்தைய முத்திரை இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அது உண்மையிலேயே தெரியாது. அவன் முகத்தில் வரும் அதிர்ச்சியை எதிரில் இருப்பவன் நடிப்பு என்று நினைக்கிறான், வாசகனுக்கு மட்டும் தெரியும் அது நடிப்பு இல்லை என்று. அந்த நொடியிலிருந்து மாப்பிள்ளைக்கும் மனைவி மேல் சந்தேகம் விழ வேண்டும். யாரும் யாரையும் அடிக்காமலே அத்தியாயம் நிற்கும்.

பெயர் விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள், எல்லைக் கணினியில் ஆள் மாறுவது பெரும்பாலும் பெயரில்தான் தொடங்கும். மாப்பிள்ளை பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், ஆக வெளிநாட்டில் அவனை எல்லோரும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெண் வீட்டிலோ 1881 பிரெஞ்சு ஆணையின்படி உள்ளூர்ச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக வருகிறது, கேட்டால் பிரெஞ்சுக்காரர் பெயர் போலவே இருக்கும், ஆள் பார்த்தால் தமிழ்ப் பெண். பிரெஞ்சுக் காகிதங்களில் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயர்தான் முதலில் நிற்கும். ஹோட்டல் வரவேற்பறையில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட், சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பப் பெயர், கணவன் மனைவி என்கிறார்கள், கல்யாணச் சான்றிதழ் அசல் ஊரில் கோப்பில் கிடக்கிறது, கையில் இருப்பது போனில் உள்ள படங்களும் தமிழில் அச்சடித்த பத்திரிகையும். துரெஞ்ச் தம்பதியை அறிந்த ஒருவனுக்கு இந்த ஜோடி எப்படித் தெரியும் என்று யோசியுங்கள்.

அடுத்து நாடு. தாய்லாந்து, மாலத்தீவு, பாலி என்று எல்லோரும் போகும் இடத்தை விட்டு மொரீஷியஸில் வையுங்கள். காரணம் இயல்பாகவே அமைகிறது, மாப்பிள்ளைக்கு பிரான்ஸ் விசா இன்னும் வரவில்லை, மொரீஷியஸுக்குச் சுற்றுலா போக இந்தியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முன்கூட்டி விசா எடுக்கும் தொல்லை இல்லை. பெண்ணுக்கு அங்கே பிரெஞ்சு பேசினால் வேலை நடக்கும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய தீவு அது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு, ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். மாப்பிள்ளை சட்டைப் பையில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரு நோட்டில் தன் மொழியைப் பார்ப்பதாக ஒரு வரி எழுதலாம், ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

உளவுக்கு அங்கே என்ன வேலை என்றால், நிறைய. மொரீஷியஸுக்கு வடக்கே சுமார் 1,100 கிலோமீட்டரில் அகலேகா என்று இரண்டு குட்டித் தீவு, சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். அங்கே இந்தியா 3 கிலோமீட்டர் நீள ஓடுதளமும் இறங்குதுறையும் கட்டிக் கொடுத்து 2024 பிப்ரவரி 29 அன்று திறந்தார்கள். அது ராணுவத் தளம் இல்லை என்றுதான் மொரீஷியஸ் சொல்லிவருகிறது, ஆனாலும் அதன் மேல் பல நாட்டுக் கண் இருக்கிறது. சாகோஸ் தீவுகளின் உரிமை பற்றி 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தம் போட்டன, அந்தத் தீவுகளில் ஒன்றான டியகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் இருக்கிறது. பக்கத்திலேயே இருநூறு கிலோமீட்டர் சொச்சத்தில் ரீயூனியன், அது பிரான்சின் ஒரு மாவட்டம், பிரெஞ்சுப் படை அங்கே இருக்கிறது. இந்தியா, பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா எல்லாம் உரசிக்கொள்ளும் கடலில், பிரெஞ்சு பாஸ்போர்ட் பெண்ணும் இந்திய பாஸ்போர்ட் ஆணும் ஜோடியாக வந்து இறங்கினால் எவனாவது ஒருவன் இது இரண்டு நாட்டுக் கூட்டு வேலை என்று கணக்குப் போடுவான். அந்த ஒருவன் எந்த நாட்டுக்காரன் என்று கடைசிவரை பெயர் சொல்லாமல் எழுத முயலுங்கள். இன்று இத்தகைய வேலைக்குக் கூலி ஆட்களை வைப்பதும் உண்டு, அவர்களுக்கே முதலாளி யார் என்று தெரியாமல் இருக்கலாம். பெயர் சொன்னால் நாவல் அந்த நாட்டைத் திட்டும் நாவலாக மாறிவிடும்.

ஊரில் நடப்பதை நீங்கள் சுருக்கிவிடக்கூடாது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் நிர்வாகம் வேறு. மாப்பிள்ளையின் அப்பா கடலூரில் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார், பெண்ணின் அப்பா புதுச்சேரியில் ஒதியஞ்சாலை நிலையத்துக்குப் போகிறார், தலையில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் மனுவை வாங்கிக்கொண்டு "சம்பவம் நடந்த இடம் எது" என்று கேட்கிறார். எங்கே நடந்திருந்தாலும் முதல் தகவல் அறிக்கை பதிய முடியும், பணம் கேட்டுக் கடத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 140ஆம் பிரிவில் வருகிறது. வெளிநாட்டில் இந்தியக் குடிமக்களுக்கு எதிராக நடக்கும் குறிப்பிட்ட குற்றங்களை தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ விசாரிக்கவும் 2019 திருத்தம் வழிசெய்கிறது. ஆனால் இந்தியக் குடிமக்கள் என்றால் மாப்பிள்ளை மட்டும்தான். அவன் வீட்டார் சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும், எம்.பி. வீட்டுக்கும், டெல்லிக்கு மனுவுக்கும் அலைய, பெண் வீட்டார் மரீன் வீதிக்குப் போகிறார்கள், அங்கிருந்து விஷயம் பாரிஸில் வெளியுறவு அமைச்சகத்தின் நெருக்கடி மையத்துக்குப் போகிறது.

இந்த எல்லைக்கு ஒரு பழைய கதையும் உண்டு, மாப்பிள்ளையின் தாத்தா யாரிடமாவது சொல்வதாக வைக்கலாம். பாரதி புதுச்சேரியில் இருந்த பத்து வருஷமும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரைச் சுற்றியே இருந்தார்கள். வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய்யான ஆவணங்களை டப்பாவில் போட்டு இறக்கி, சிக்க வைக்கப் பார்த்தார்கள். அது வெளியில் வந்ததும் ஐயர் தரப்பினரே பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னதால் தப்பித்தார்கள். 1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதியைப் பிடித்துக் கடலூர் சிறையில் சில வாரம் வைத்தார்கள்.

சரி, போன் வருகிறது. கடத்தியவர்கள் உண்மையில் விசாரிக்கத்தான் பிடித்திருக்கிறார்கள், ஆனால் இது பணத்துக்கான கடத்தல் என்று ஊரை நம்பவைக்க ஒரு தொகை கேட்கிறார்கள். கடத்தல் பேச்சுவார்த்தையில் முதலில் கேட்பது உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி, கைதிக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வி. வீட்டில் ஒரே ஒருவர்தான் போன் எடுப்பார், மேஜையில் நோட்டுப் புத்தகம், பக்கத்தில் பேசச் சொல்லிக் கொடுக்கும் அதிகாரி. கடலூர் வீட்டு வரவேற்பறையில் அதிகாரி கேட்கிறார், "மருமகளிடம் கேட்க ஒரு கேள்வி சொல்லுங்க." மாமியாருக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணுக்குக் காபி பிடிக்குமா டீ பிடிக்குமா என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் புதுச்சேரிக்குப் போன் போட்டு, "சம்பந்தி, உங்க பொண்ணைச் சின்ன வயசுல என்னன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் பதில் வர நேரமாகிறது, ஏனென்றால் அன்று காலைதான் "உங்க பொண்ணு ஆசைப்பட்டுத்தானே அந்த ஊருக்குப் போனாங்க" என்று இங்கிருந்து ஒரு வார்த்தை போயிருக்கிறது.

இப்போது 'ரா'. 1968இல் ஆர்.என். காவ் தலைமையில் தொடங்கிய அமைப்பு, கைது செய்யும் அதிகாரம் கிடையாது, வேலை தகவல் சேகரிப்பது. மொரீஷியஸ் நட்பு நாடு, அதன் கடலோரக் காவல்படைக்கே இந்தியக் கடற்படை அதிகாரி தலைமை ஏற்பது வழக்கம். அங்கே போய் இந்தியா துப்பாக்கி எடுக்காது, போனை எடுக்கும். காமன்வெல்த் நாடு என்பதால் போர்ட் லூயியில் இருப்பது ஹை கமிஷன், எம்பசி என்று எழுதிவிடாதீர்கள், பிரான்சுக்குத்தான் அங்கே எம்பசி. நம் ஆட்கள் வெளிநாட்டில் சிக்கி மீண்ட கதைகளைப் பாருங்கள். சிவகங்கையைச் சேர்ந்த பாதிரியார் அலெக்சிஸ் பிரேம் குமார் 2014 ஜூனில் ஆப்கானிஸ்தானின் ஹேரத் பகுதியில் கடத்தப்பட்டு 2015 பிப்ரவரியில் வந்தார். ஏடனில் 2016 மார்ச்சில் கடத்தப்பட்ட கேரளப் பாதிரியார் ஓமன் நாடு உதவி 2017 செப்டம்பரில் விடுதலையானார். மாதக்கணக்கில் பேச்சு, மூன்றாவது நாடு ஒன்றின் உதவி, பிறகு ஒருநாள் திடீரென்று விமானம். உங்கள் மீட்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு அரசாங்கம் என்பதால் அதில் ஒரு கொடுமையான சாத்தியம் இருக்கிறது, ஒரு நாடு தன் ஆளை மட்டும் முதலில் வெளியே கொண்டுவந்துவிடலாம். பிரான்சோ பணயத்தொகை தருவதில்லை என்றுதான் சொல்கிறது, ஐரோப்பிய அரசுகள் மறைமுகமாகப் பணம் தந்ததாக 2014இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. "பெண்ணுக்கு மட்டும் பேசி முடித்துவிட்டோம்" என்று மரீன் வீதியிலிருந்து தகவல் வரும் அன்று கடலூர் வீட்டில் என்ன நடக்கும்? நாவலின் உச்சம் அங்கே இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். தேனிலவு, கடத்தல் என்றதும் 1999 டிசம்பர் 24 ஞாபகம் வரும். காட்மாண்டுவில் தேனிலவு முடிந்து மனைவியோடு திரும்பிய இளம் கணவர்தான் அன்று கடத்தப்பட்ட ஐசி 814 விமானத்தில் கொல்லப்பட்டார். மனைவி அதே விமானத்தில் கணவர் இறந்தது தெரியாமலே காந்தஹாரில் இருந்தார். அதைத் தழுவி ஒரு காட்சியும் எழுதாதீர்கள், அந்தக் குடும்பம் பட்டது போதும். ஆனால் எழுதும்போது அந்தக் கனம் மனதில் இருக்கட்டும், கடத்தலை விறுவிறுப்பாக மட்டும் எழுத மனம் வராது.

சிறைக்காலத்தைப் பற்றி. இருவரையும் எப்போதும் ஒன்றாக வைக்காதீர்கள். 2009இல் செஷல்ஸ் பக்கம் படகில் போன ஒரு பிரிட்டிஷ் தம்பதியை சோமாலியக் கொள்ளையர்கள் பிடித்து 388 நாள் வைத்திருந்தார்கள், இடையில் இருவரையும் பிரித்து வைத்தார்கள், அந்தப் பிரிவுதான் அவர்களுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. உங்கள் கதையில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது, காவலர்கள் தங்களுக்குள் பேசும் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்தத் தீவின் பேச்சுமொழி. பிரெஞ்சு தெரிந்த மனைவிக்கு அது பாதிக்கு மேல் புரியும், கணவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. தனக்குப் புரிகிறது என்பதை அவள் காவலர்களிடம் மறைக்க வேண்டும். கணவனிடம் எதைத் தமிழில் சொல்வாள், எதை விழுங்குவாள்? "அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "சாப்பாடு வருதாம்" என்று அவனிடம் சொல்கிறாள். இந்த மாதிரி ஒரு இடம் போதும், அவள் யார் என்று பக்கம் பக்கமாக வர்ணிக்க வேண்டியதில்லை. அந்தப் பழைய முத்திரைக்கு என்ன காரணம் என்பதை மட்டும் சாதாரணமாக வையுங்கள், ரீயூனியனில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போகும் வழியில் இறங்கியது, சித்தப்பாவோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லாததால் கல்யாண வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் அவளும் உளவாளிதான் என்று திருப்பம் வைக்கத் தோன்றும், வேண்டாம். அப்படி வைத்தால் விசாரித்தவன் சொன்னதுதான் சரி என்றாகிவிடும், அந்தக் கணவன் பட்ட சந்தேகத்துக்கும் அர்த்தம் போய்விடும்.

முடிவுக்கு என் யோசனை: விடுதலைக்குப் பிறகு இருவரையும் தனித்தனி விமானத்தில் ஏற்றுங்கள், அவள் ரீயூனியன் வழியாகப் பாரிஸ், அவன் டெல்லி. இரண்டு இடத்திலும் அதிகாரிகள் உட்கார வைத்து மறுபடி கேட்பார்கள், கணவனைப் பற்றிச் சொல், மனைவியைப் பற்றிச் சொல். அப்புறம் சில மாதம் கழித்து மரீன் வீதி நேர்காணல், அந்தக் கல்யாணக் கோப்பு இன்னும் முடியாமல்தானே கிடக்கிறது. முதல் கேள்வியே எப்படிச் சந்தித்தீர்கள் என்பதுதான். இந்த முறை அவள் தரகர் பெயரைச் சொல்கிறாள், அவனும் அடுத்த அறையில் அதையே சொல்வானா என்று அவளுக்குத் தெரியாது. அவன் என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுத வேண்டும். எழுதத் தொடங்கும் முன் விசாரிப்பவன் கேட்கும் கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அவன் பதில், அவள் பதில், உண்மை என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புங்கள், அத்தியாயங்கள் அதிலிருந்து வரும். பதிவேற்ற நடைமுறையில் எந்தக் கட்டத்தில் எந்தக் காகிதம் என்று தெரிய வேண்டுமானால் கேளுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.